இரண்டாம் காய்ச்சலின் முதல் நாள்

டெங்குவுக்கான புதிய பரிசோதனை எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்து தேறியவரின் ரத்தத்தில் இது வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை எனக்குள் ஊன்றியது கடையநல்லூர். 2012-இல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் கடையநல்லூரும் ஒன்று. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. அன்று தேறியவர்களின் உடலில் டெங்குவை எதிர்த்து உருவான ஆன்டிபாடிகள் பல ஆண்டுகள் தங்கும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. பின்னொரு நாள் வேறு வகை தாக்கினால் நோய் முற்றுவதற்கான வாய்ப்பு கூடும். அந்த இரண்டாம் காய்ச்சலில்தான் டெங்கு கார்டு டெஸ்ட் ஏமாற்றுவதும் அதிகம்.

காரணம் இதுதான். வைரஸ் பெருகும்போது என்.எஸ்.1 என்ற புரதம் ரத்தத்தில் கலக்கிறது. கார்டு டெஸ்ட் தேடிக் கோடு காட்டுவது இந்தப் புரதத்தைத்தான். காய்ச்சலின் முதல் நாளிலேயே அதைப் பிடிக்கலாம். ஐ.ஜி.எம். ஆன்டிபாடி தெரிவதற்கோ நான்கைந்து நாள் ஆகிவிடும். ஆனால் முன்பு டெங்கு கண்ட உடம்பில், பழைய ஆன்டிபாடிகள் உடனே பெருகி என்.எஸ்.1 மேல் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடுகின்றன. கார்டில் இருக்கும் ஆன்டிபாடிக்குப் பற்ற இடமில்லை. புரதம் இருந்தும் கோடு விழுவதில்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் டெங்கு, எலிக்காய்ச்சல், ஃப்ளூ எல்லாமே முதல் நாளில் ஒரே மாதிரி உடல்வலியோடு வருகின்றன. அந்த நேரத்தில் வரும் ஒரு தவறான ‘நெகட்டிவ்’, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

நான் செய்வது சிறிய ஆன்டிபாடிகளை வடிவமைத்து சென்சாரில் பொருத்தும் வேலை. இந்தச் சிறிய ஆன்டிபாடிகளின் பூர்வீகம் ஒட்டகம். 1993-இல் பெல்ஜியத்தில் ரேமண்ட் ஹேமர்ஸ் குழுவினர், ஒட்டக ரத்தத்தில், ஆன்டிபாடிகளில் வழக்கமாக இருக்கும் இலகு சங்கிலியே இல்லாத ஆன்டிபாடிகள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றின் நுனியை மட்டும் தனியே பிரித்தால் கிடைப்பதே நானோபாடி. வழக்கமான ஆன்டிபாடியின் எடை 150 கிலோடால்டன். இது சுமார் 15. நீளம் 4 நானோமீட்டர். ஈ.கோலை பாக்டீரியாவிலேயே வளர்க்கலாம். பெரிய ஆன்டிபாடி நுழைய முடியாத புரதப் பள்ளங்களுக்குள் இதன் நீண்ட விரல் போன்ற வளையம் எட்டும். பழைய ஆன்டிபாடிகள் மூடாமல் விட்ட இடுக்குகளைத் தேட இதைவிட நல்ல கருவியை நான் அறியேன்.

இந்தத் தேடல், பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ்களைக் கொண்டு நடக்கிறது. கோடிக்கணக்கான நானோபாடிகளைத் தாங்கிய பேஜ்களை முதலில் ஜிகா வைரஸின் என்.எஸ்.1 மேல் விட்டு, அதில் ஒட்டுவனவற்றை ஒதுக்குகிறோம். ஜிகாவை டெங்கு என்று காட்டிவிடக் கூடாதே. 2021-இல் ஜிகா திருவனந்தபுரத்தில் பரவியது. எங்கள் பக்கத்துப் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம்தானே. மீதமுள்ளவற்றை டெங்கு என்.எஸ்.1 மேல் விடுகிறோம். நான் ஒன்றை வலியுறுத்துவேன்: அந்தப் புரதத்தின் மேல் டெங்கு கண்டு தேறியவர்களின் ஆன்டிபாடிகளை முன்கூட்டியே பூச வேண்டும். வெற்றுப் புரதத்தில் நன்றாகப் பற்றும் நானோபாடிகளில் பல இங்கே கழன்றுவிடும். நமக்குத் தேவை எஞ்சி நிற்பவை.

அடுத்தது, அவற்றைச் சென்சாரின் தங்க மின்முனையில் பொருத்துவது. இங்கேதான் நுண்ணுணர்வு உருவாகிறது அல்லது தொலைகிறது. நானோபாடியின் பற்றும் முகம் ஒரு பக்கம். புரதச் சங்கிலி முடியும் சி-முனை அதற்கு எதிர்ப்பக்கம். அந்த முனையில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றைச் சேர்த்தால் அதன் கந்தகம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், முகம் மேலே நிற்கும். கண்டபடி ஒட்டவிட்டால், இவ்வளவு சிறிய மூலக்கூறின் முகமே அடியில் போய்விடலாம். இது நாற்று நடுவது போன்ற வேலை: வேர் கீழே, நுனி மேலே, நடுவில் இடைவெளி. என்.எஸ்.1-இன் அகலம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். நெருக்கி நட்டால் அருகருகே இருப்பவை பயனற்றுப் போகும். இடைவெளிகளை மெர்காப்டோஹெக்ஸனால் என்ற சிறு மூலக்கூறைக் கொண்டு மூடுகிறோம், ரத்தத்தின் மற்ற புரதங்கள் வெறும் தங்கத்தில் படியாதிருக்க.

மின்புலத்தால் அளக்கும் சென்சாரில் சிறிய உருவத்துக்கு இன்னொரு பயன் உண்டு. ரத்தத்தின் உப்பு, பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டர் தாண்டுவதற்குள் மின்புலத்தை மறைத்துவிடுகிறது. மாதிரியை நீர்க்கச் செய்தால் அந்த எல்லை விரியும். அது வழக்கமான ஆன்டிபாடியின் 10 நானோமீட்டர் உயரம் எட்ட ஏறத்தாழ 160 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும்; நானோபாடியின் 4 நானோமீட்டருக்கு 26 மடங்கு போதும். நீர்க்கும்போது என்.எஸ்.1-உம் குறைகிறது அல்லவா? முதல் நாள் ரத்தத்தில் அந்த ஆறு மடங்கு வித்தியாசம், கண்டுபிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் நடுவே நிற்கக்கூடும்.

நானோபாடிகளில் பல, 60 டிகிரி வெப்பத்திலும் உருக்குலைவதில்லை. கோடையில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றுபோகும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் சாரல் சீசன் காலத்து ஈரக்காற்று வேறு பகை. டெஸ்ட் பாக்கெட்டில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் பட்டையில் திரவம் ஓடும் வேகமே மாறிவிடும். அதனால் ஆன்டிபாடிக்குக் காட்டும் அக்கறையை உறைக்கும் சிலிகா ஜெல்லுக்கும் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கட்டுரைகள் பெருமையோடு சொல்லும் கண்டறியும் எல்லை பெரும்பாலும் ரத்தத்தில் அல்ல, சுத்தமான பஃபர் கரைசலில் அளந்தது. அந்த எண்ணை நான் மதிக்கிறேன்; அதை நம்பி ஒரு குழந்தையின் காய்ச்சலை முடிவு செய்ய மாட்டேன். டெங்கு பரவிக் கடந்த ஊர்களில் இரண்டாம் தொற்றுதான் இனி நாம் சந்திக்க வேண்டியது. ஆகவே ஒவ்வொரு டெங்கு கிட்டின் உறையிலும், முதல் தொற்றில் நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கும், இரண்டாம் தொற்றில் எத்தனை பேரைப் பிடிக்கும் என்று இரண்டு எண்களைத் தனித்தனியே அச்சிட வேண்டும். வாங்கும் மருத்துவமனைகள் இரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.