வெற்றுக் கோது

பித்தளை என்றதும் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவன குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமுமே. பூநகரியாராகிய எமக்கோ மற்றுமொரு பித்தளையும் நினைவுக்கு வருகின்றது. மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போன இம்மண்ணிலே, உழுத சாலிலும் மழைநீர் அரித்த வரம்போரத்திலும் பச்சைக் களிம்பேறி வெளிப்படும் துவக்கு ரவைக் கோதே அது. 1993ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிருந்த படைமுகாமைச் சுற்றிப் பெருஞ்சமர் நடந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரிலும் போர் இவ்வழியாகவே சென்றது. 2011ஆம் ஆண்டு சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் யாழ்ப்பாணம் எமக்கு அண்மையதாயிற்று. ஆயினும் கோதுகள் மண்ணைவிட்டு முற்றாக அகலவில்லை.

இத்தகைய கோதுகளை ஆசையோடு சேர்த்துவைத்துச் சீர்செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டோரும் உலகில் உளர் என்பதைக் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் சொன்னபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தோர் நம்பமாட்டாது சிரித்தனர். அவருடைய அயலவர் உரிமம் பெற்றுக் குறிபார்த்துச் சுடும் கழகமொன்றின் உறுப்பினராம். சுட்டபின் தம் கோதுகளைத் தாமே பொறுக்கிச் சென்று, பனிக்காலம் முழுவதும் நிலவறையில் இருந்து அவற்றை மறுபயனுக்கு ஆயத்தஞ் செய்வாராம். ரவையின் உறுப்புகளுள் பித்தளைக் கோதே பெரும்பாலும் விலை கூடியது. செம்மையாகப் பேணினால் பலமுறை பயன்படும் என்பதே அதன் காரணம்.

அவ்வேலை பொறுமைக்குப் பெயர்போனது. முதலிற் கோதுகளை இனம் பிரிப்பர். அடியிலுள்ள எரிந்த கேப்பை ஊசியால் தள்ளி அகற்றுவர். ஆங்கிலேயராகிய பொக்சர் வகுத்த முறையில் அடியின் நடுவே ஒரே துளையிருப்பதால் இஃது எளிது. அமெரிக்கராகிய பேர்டன் வகுத்த முறையிலோ பெரும்பாலும் இரு சிறு துளைகள் ஒதுங்கியிருப்பதால் ஊசி செல்லாது. விந்தை யாதெனில், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றமையே! பின்னர் வால்நட் கொட்டையின் ஓட்டுத்தூளோடு கோதுகளை இயந்திரத்திலிட்டு உருட்டியோ, எலுமிச்சைப் புளிப்புச் சேர்ந்த நீரில் ஊறவைத்தோ துலக்குவர். நம் பெண்மணிகள் பழப்புளியிட்டு விளக்குத் துலக்கும் முறையும் இதுவே. இரண்டிலும் புளிப்புத்தான் களிம்பைக் கரைக்கின்றது. சுடுந்தோறும் கோது சிறிது நீளுமாதலால் அளவுக்கு மேற்பட்டதை வெட்டிச் சமப்படுத்துவர். வளைந்த கம்பியொன்றை உள்ளே விட்டு அடிப்பக்கத்தைத் தடவி, சுவர் மெலிந்திருப்பின் அக்கோதை ஒதுக்கிவிடுவர்.

இத்துணைக் கவனம் ஏன்? கோதுப் பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் கலந்தது. வெடிக்கும் கணத்தில் அது சாதாரண வளியமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு அமுக்கத்தைத் தாங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் விரிந்தும் சுருங்கியும் அதன் கழுத்துப் பகுதி இறுகி, ஈற்றில் வெடிக்கத் தொடங்கும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இதனை நன்கறிவர்: தட்டத் தட்டப் பித்தளை இறுகும், தீயிற் காய்ச்சினால் மீண்டும் இளகும். அவ்வாறே கோதின் கழுத்தையும் அளவோடு காய்ச்சுவர். அடிப்பாகத்தில் மட்டும் சூடு ஏறவிடமாட்டார்கள். அடி இளகினால் அமுக்கத்தைத் தாங்காது. சுடுபவரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தாய் முடியும்.

பித்தளையின் உள்ளே ஒளிந்திருக்கும் இவ்விறுக்கத்தைப் பற்றிய பாடமொன்று இந்தியாவிலே கிடைத்தது. பிரித்தானியப் படையினர் மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களிற் சேமித்துவைத்தனர். மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்க்கையில், ஒருமுறையேனும் சுடப்படாத ரவைகளின் கோதுகளும் வெடித்திருந்தன. அதனைப் ‘பருவ வெடிப்பு’ என்றழைத்தனர். 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்னும் மூவர் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா வாயுவும், கோது உருவாக்கப்பட்டபோது அதனுள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதனைப் பிளந்தன. அளவான சூட்டினால் அவ்விறுக்கத்தை முன்னரே தணித்துவிட்டால் வெடிப்புத் தோன்றாது என்பதும் தெளிவாயிற்று. இற்றைக்கும் கோது துலக்குவோர் அமோனியா சேர்ந்த மெருகுப் பொருள்களை விலக்குகின்றனர்.

இவற்றையெல்லாம் கேட்டபின் எங்கள் வயலிற் கிடக்கும் கோதுகளை நாம் வேறு கண்கொண்டு நோக்கினோம். அக்கழகத்தார் தம் கோது ஒவ்வொன்றின் வரலாற்றையும் அறிவர். எத்தனைமுறை சுடப்பட்டது, எப்பொழுது காய்ச்சப்பட்டது என்று குறித்தும் வைப்பர். அத்தனை அறிந்தும் ஐயமுள்ள ஒன்றைக் கையாளத் துணியார். எங்கள் மண்ணிற் கிடப்பவற்றின் வரலாற்றை அறிந்தவர் எவர்? வெற்றுக் கோதுக்கு அருகிலேயே வெடியாத ரவை கிடக்கலாம். அதற்கு அப்பால் மிதிவெடியும் இருக்கலாம். பழைய உலோகம் வாங்குவோர் பித்தளைக்கு நல்ல விலை கொடுப்பர் என்பதனால், வறுமைப்பட்டோர் இவற்றைத் தேடிப் பொறுக்கத் துணிவதுண்டு. சிறுவர்களோ வெற்றுக் கோதை வாயில் வைத்து ஊதி விளையாடுவர். எரிந்த கேப்பின் கரியிலே ஈயம் கலந்திருப்பதும், அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கு செய்வதும் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

போர் விதைத்த வெடிபொருள்களை அகற்றும் பணி வடக்கில் பல்லாண்டுகளாக நடந்துவருகின்றது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. ஹேலோ டிரஸ்ட் முதலிய நிறுவனங்களிற் பயிற்சி பெற்று, வெயிலிலே முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவு செய்வோருள் எங்கள் வன்னிப் பெண்களும் பலர் உளர். கோதைக் கையிலெடுத்துத் தடவிப் பார்க்கும் அந்நாட்டாரின் பொறுமை பெரிதென்றால், இவர்களின் பொறுமை அதனினும் பெரிது. இங்கு ஐயத்துக்குரியது கோது மட்டுமன்று. கால் வைக்கும் நிலமே ஐயத்துக்குரியது.

ஆதலின் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு ஒன்றை உறுதியாகச் சொல்லிவைத்தல் வேண்டும். வயலிலோ கடற்கரையிலோ ரவையையாவது, கோதையாவது, இன்னதென்று தெரியாத உலோகத் துண்டையாவது கண்டால், தொடாமலும் உதையாமலும் வந்த வழியே திரும்பிப் பெரியோரிடம் சொல்லட்டும். பெரியோர் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்கட்டும். பயிற்சியுள்ள கைகள் அதனை எடுத்து அகற்றட்டும். அவ்வாறு அகற்றிய பித்தளை உலையில் உருகி என்றேனும் ஒரு செம்பாகவோ விளக்காகவோ எங்கள் வீடுகளுக்குத் திரும்பி வருமாயின், அதனைப் புளியிட்டுத் துலக்கி வைத்துக்கொள்வதில் எமக்கு மகிழ்ச்சியே.