உச்சி எது?

குத்துச்சண்டையைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கையுறையை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கபடி உண்டு. மாட்டு வண்டிப் பந்தயம் உண்டு. குத்துச்சண்டை மேடை ஒன்றை நான் கண்டதில்லை. ஆயினும் சென்ற ஓராண்டாகக் கம்பத்திலிருந்து தேனி வரும் பேருந்தில் நாங்கள் நால்வர் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை எனலாம். 2021ஆம் ஆண்டு வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் பிடித்த பித்து அது. வடசென்னையில் தொடங்கிய எங்கள் பேச்சு, கைப்பேசியின் வழியே அமெரிக்கா போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் வழக்கு இதுதான்: கனத்த எடைப் பிரிவின் மாபெரும் வீரர்களில் யார் எந்த ஆண்டில் தம் உச்சியில் இருந்தார்? அந்த உச்சிகளை எதிரெதிரே நிறுத்தினால் எவர் வெல்வார்? உத்தமபாளையத்தில் தொடங்கும் சண்டை சின்னமனூரில் சூடேறும். வீரபாண்டி வரும்போது நடத்துநர், “தம்பிகளா, கொஞ்சம் மெதுவா!” என்று மத்தியஸ்தம் செய்வார்.

நான் மைக் டைசன் கட்சி. காரணம் வெளிப்படை. 1986 நவம்பர் 22 அன்று ட்ரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றபோது டைசனுக்கு வயது இருபதுதான். எனக்கும் இருபதுதான். 1988 ஜூன் 27 அன்று, அதுவரை தோல்வியே காணாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் சாய்த்தார். அந்த 91 வினாடிகளுக்கு மேல் ஓர் உச்சி உண்டோ? ஆனால் என் நண்பன் விடமாட்டான். “1990 பிப்ரவரியில் டோக்கியோவில் டக்ளஸிடம் பத்தாம் சுற்றில் விழுந்தாரே, அப்போது வயது 23தானே? இருபத்து மூன்றில் இறங்குவது உச்சியா, வாணவேடிக்கையா?” என்பான்.

அவன் முகமது அலி கட்சி. ஆனால் அலி கட்சிக்குள்ளேயே இரண்டு அணிகள். ஓர் அணிக்கு உச்சி 1966 நவம்பர் 14. ஹூஸ்டன் நகரில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த நாள். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிபடாமலே அடிக்கும் கலை அது. மற்ற அணிக்கு உச்சி 1974 அக்டோபர் 30. கின்ஷாசா நகரில், 32 வயது அலி, 25 வயது ஜார்ஜ் ஃபோர்மனைக் கயிற்றில் சாய்ந்தபடியே அடிக்கவிட்டு, களைக்கவைத்து, எட்டாம் சுற்றில் வீழ்த்தியது. முதலாவது காலின் வெற்றி. இரண்டாவது தலையின் வெற்றி. எது உச்சி?

இவ்வழக்கைத் தீர்க்க எனக்கு ஓர் ஆயுதம் இருந்தது. நான் கணித மாணவன். ஒரு வளைவரை ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு இறங்கும் இடம் பெருமம். அங்கே முதல் வகைக்கெழு சுழியாகும். ஏறும்போதே இது பெருமம் என்று வளைவரைக்குத் தெரியாது. இறங்கிய பிறகே நாம் சொல்ல முடியும். சில வளைவரைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெருமங்கள் உண்டு. ஜார்ஜ் ஃபோர்மனைப் பாருங்கள். 1973 ஜனவரியில் கிங்ஸ்டன் நகரில் ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் விழவைத்துப் பட்டம் வென்றார். 1977இல் களத்தை விட்டுப் போனார். பத்தாண்டுகள் கழித்து 1987இல் மீண்டும் வந்தார். 1994 நவம்பர் 5 அன்று தம் 45ஆம் வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தி மீண்டும் உலக வீரரானார். ஒரு வாழ்க்கை, இரண்டு பெருமங்கள்.

அலியின் வளைவரையோ வேறுவகை. அது நடுவில் அறுந்துபோனது. 1967 ஏப்ரல் 28 அன்று, வியட்நாம் போருக்கான படையில் சேர அவர் மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது, உரிமமும் பறிக்கப்பட்டது. 1967 மார்ச்சுக்குப் பிறகு 1970 அக்டோபர் வரை, மூன்று ஆண்டு ஏழு மாதம், அவர் மேடை ஏறவில்லை. அவருடைய 25ஆம் வயது முதல் 28ஆம் வயது வரை. அதற்கு முன் 29 சண்டைகளில் ஒரு தோல்வியும் இல்லை. வாழ்நாளில் அவர் கண்ட ஐந்து தோல்விகளும் திரும்பி வந்த பின்னரே. ஆகவே என் முடிவு: அலியின் உண்மையான உச்சியை உலகம் பார்க்கவே இல்லை, அது அந்த இடைவெளிக்குள் இருந்தது. இதைச் சொன்ன அன்று பேருந்தில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது.

கைதட்டல் தந்த தைரியத்தில் வீட்டிற்கு வந்தேன். அங்கேதான் தவறு செய்தேன்.

எங்கள் தாத்தாவுக்கு இப்போது 75 வயது. சுருளிப்பட்டிப் பக்கத்துத் திராட்சையை மரப்பெட்டிகளில் அடுக்கிச் சென்னைக்குக் கொண்டுபோகும் லாரியில் கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநர் ஆனவர். கோயம்பேடு அங்காடி வருவதற்கு முந்தைய காலம். சரக்கு இறங்குவது கொத்தவால்சாவடியில். 1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஒன்றில் மோதினார். கொத்தவால்சாவடிச் சுமைதூக்கும் நண்பர் ஒருவர் தாத்தாவையும் இழுத்துக்கொண்டு போனாராம். “எம்.ஜி.ஆரும் வந்திருந்தாரு. நான் அலியைப் பாத்தவன்டா!” என்பது எங்கள் வீட்டில் நாங்கள் பிறந்தது முதல் கேட்ட வசனம்.

அன்று நான் அந்த வசனத்தைக் கணக்கால் அடித்தேன். “தாத்தா, நீங்க பாத்தது அலியே இல்ல. அப்ப அவருக்கு 38 வயசு. முந்தின வருசமே ஓய்வுன்னு சொல்லிட்டாரு. அதே வருசம் அக்டோபர்ல ஹோம்ஸ்கிட்ட அடி வாங்கி, பத்தாவது சுத்தோட நிறுத்துனாங்க. எதிர்ல நின்ன எல்லிஸும் பழைய ஆளு. அலி தடையில இருந்தப்ப காலியா இருந்த பட்டத்துல ஒண்ணை 1968ல வாங்குனவரு. நீங்க பாத்தது வெறும் வேடிக்கை” என்றேன்.

தாத்தா ஒன்றும் பேசவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சற்று நேரம் கழித்து, “அப்படியாப்பா? எனக்கு என்ன தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். என் தாத்தா “எனக்கு என்ன தெரியும்” என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றிரவு அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வந்த களைப்போடு சாப்பிட்டுக்கொண்டே, “மூணு வருசம் ஏழு மாசம்னா சொன்னே?” என்று கேட்டார். “ஆமாப்பா” என்றேன். பிறகு எனக்குப் பாதி தெரிந்த கதையை முழுதாகச் சொன்னார். 1992இல் அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பமும் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கோடையில் குமுளி மலைப்பாதையில் தாத்தாவின் லாரி கவிழ்ந்தது. கால் முறிந்தது. தாத்தா மறுபடி நடக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அப்பா மலை ஏறினார், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

“அந்த விண்ணப்பத்தைத் தாத்தாதான் ரொம்ப நாளு பெட்டியில வச்சிருந்தாரு” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நண்பர்களே, அலியின் இடைவெளியை நான் எவ்வளவு எளிதாகக் கணக்கிட்டுவிட்டேன்! அலி தம் மனச்சான்றுக்காகத் தாமே ‘மாட்டேன்’ என்றார். அந்த மறுப்புக்கு உலகம் பிற்பாடு மாலையிட்டது. 1971 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவருக்கு விதித்த தண்டனையை நீக்கியது. என் அப்பாவிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. அவருக்கு ஒரு கின்ஷாசாவும் வரவில்லை. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அது பொய்க் கணக்கு. ஆனால் அறுந்த வளைவரைகள் அமெரிக்காவில் மட்டும் இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அதே வேளையில் இன்னொன்றும் உறைத்தது. எந்த நுண்கணிதத்தை வைத்துத் தாத்தாவை மடக்கினேனோ, அதே நுண்கணிதத் தாளில் எனக்கு முதலாண்டு அரியர் இருக்கிறது. அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போகலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலை தாத்தாவின் அருகே போய் உட்கார்ந்தேன். “அலியைப் பாத்த கதையை முழுசாச் சொல்லுங்க தாத்தா” என்றேன். முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். வெகு தூரத்தில் இருந்ததால் ஆள் சிறியதாகத்தான் தெரிந்ததாம். பக்கத்தில் இருந்தவர் தோளில் கைபோட்டுக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தாராம். திரும்பி வந்து காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, திண்டிவனம் வரையில் ஓட்டுநரும் அவரும் அதையே பேசினார்களாம்.

“அவரு இறங்குமுகத்துல இருந்தாருங்கறது எங்களுக்கும் தெரியும்ப்பா” என்றார் தாத்தா. “உச்சியில இருக்கறப்ப அவரு ஏன் நம்ம பக்கம் வரப்போறாரு? இறங்கறப்பதானே நம்ம கண்ணுல படுவாரு. மலைப்பாதையில ஏற எந்தக் கியரோ, இறங்கவும் அதே கியருதான் போடணும். ஏறுறது எல்லாரும் ஏறிடுவான். இறங்கத் தெரியணும். எனக்கு அன்னைக்குத் தப்பிப்போச்சு.”

கடைசி வாக்கியம் அலியைப் பற்றியது அன்று என்பதை நான் புரிந்துகொண்டேன். அரியரைப் பற்றி அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே: “திரும்ப எழுத விடுவாங்களா?” விடுவார்கள் என்றேன். “அப்புறம் என்ன?” என்றார். மாலையில் அப்பாவிடம் நானே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

எங்கள் பேருந்து வழக்கு இன்னும் தீரவில்லை. விரைவைக் கேட்டால் 1966 என்பேன். அறிவைக் கேட்டால் 1974 என்பேன். தாத்தாவின் 1980ஐயும் இப்போது நான் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். “அது எந்த வகையில் உச்சி?” என்று நண்பன் சீறுகிறான். அது அலியின் உச்சி அன்று, ஒத்துக்கொள்கிறேன். முப்பது வயதுக் கிளீனர் ஒருவர், சரக்கை இறக்கிவிட்டு, நேரு விளையாட்டரங்கில் ஒருவர் தோளைப் பிடித்து எம்பி நின்ற நாள் அது. அதை அளக்க என்னிடம் சூத்திரம் இல்லை.

டைசன் இருபதில் உலகை வென்றார். நான் இருபதில் நுண்கணிதத்தை மீண்டும் எழுதப் போகிறேன். என் வளைவரையில் இது எந்த இடம் என்பது எனக்குத் தெரியாது; ஏறும்போது தெரியாது என்றுதான் பாடமும் சொல்கிறது. மூன்று ஆண்டுகள் என் கையில் தரப்பட்டிருக்கின்றன. அவை எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிடைக்காமற்போன மூன்று ஆண்டுகள். அவற்றை அறுந்துபோக விடமாட்டேன்.