கணக்குக் காட்டாதவன்

உத்திரமேரூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு மாணவி சரியாக எழுதிய நிரலைத் தப்பு என்று சொல்லி, அவளுடைய பிராஜெக்ட்டையே மாற்ற வைத்தேன். தப்பு என்னுடையது என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது.

பிராஜெக்ட் செய்பவர்களுக்கென்று லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றை ஒதுக்கி வைத்திருந்தோம். நாலு கோர் ஐ5 பிராசசர். ஒரு கத்திரி வெயிலில் அதன் ஃபேன் பழுதாகி, சூடேறிச் சூடேறித் தானாக அணைந்தது. அறையில் ஏசி கிடையாது. புது ஃபேன் வரும்வரை சமாளிக்கலாம் என்று கிரப் அமைப்பில் 'மேக்ஸ்சிபியுஸ்=2' என்று சேர்த்தேன். அப்படிக் கொடுத்தால் கணினி கிளம்பும்போது கெர்னல் இரண்டு கோர்களை மட்டும் வேலைக்கு எடுக்கும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். சூடு தணிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஃபேன் வந்ததும் மாட்டினேன். சேர்த்ததை எடுக்க மறந்துவிட்டேன். ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும், அதையும் செய்யவில்லை.

அந்தப் பெண் எடுத்துக்கொண்ட வேலை எனக்கே பிடித்த வேலை. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களில் கோணலை நிமிர்த்தி, கறையை நீக்கி, எழுத்தைத் தெளிவாக்க பைதானில் நிரல் எழுதியிருந்தாள். பக்கங்களை நாலு பங்காகப் பிரித்து, நாலு கோர்களுக்கும் ஆளுக்கொரு பங்காகக் கொடுத்தாள். ஒரு மாலை என்னிடம் வந்து, "சார், நாலாப் பிரிச்சாலும் நேரம் பாதிதான் குறையுது. ரெண்டாப் பிரிச்சாலும் அதே பாதிதான்" என்றாள்.

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நாலு பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள் என்று அவள் அளந்து காட்டிவிட்டாள். நான் எழுந்து போய் 'டாப்' ஓடவிட்டு 1-ஐத் தட்டியிருந்தால் நாலு கோர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே வரிகள் தெரிந்திருக்கும். அவளுடைய நாலு பிராசஸும் தலா 50 சதவீதத்தில் நின்றிருக்கும். 'என்ப்ராக்' என்று அடித்தால் 2 என்று வந்திருக்கும். ஒரு நொடி வேலை.

நாற்காலியை விட்டு எழவில்லை. "பைதான்ல ஜிஐஎல்னு ஒண்ணு இருக்கும்மா, ஒரு நேரத்துல ஒரு திரெட்தான் ஓடும். உன் புரோகிராம்லதான் கோளாறு" என்றேன். திரெட்டுகளுக்கு அது சரி. அவள் பயன்படுத்தியதோ மல்டிபிராசசிங்; தனித்தனி பிராசஸ்களை ஜிஐஎல் ஒன்றும் செய்யாது. அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவள் நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 1991-இல் புனேயின் சி-டாக் பல பிராசசர்களைச் சேர்த்து பரம் 8000 கணினியை உருவாக்கிய கதையை வகுப்பில் பெருமையாகச் சொன்னவன் நான். பத்தடி தள்ளியிருந்த கணினியில் எத்தனை கோர் ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

எதிர்த்துப் பேசாமல் போனாள். ஒரு வாரமோ என்னவோ கழித்து, நூலகப் புத்தகப் பதிவுக்கு ஒரு வெப்சைட் செய்யப்போவதாகத் தலைப்பை மாற்றிக் கையெழுத்துக்கு நீட்டினாள். போட்டேன்.

ரேம் மாற்றிய அன்றைக்கு வேறு எதற்கோ 'எல்எஸ்சிபியு' அடித்தபோதுதான் தெரிந்தது. ஓடுபவை 0, 1. ஓடாதவை 2, 3. கணினி எந்தக் கட்டளையோடு கிளம்பியது என்று பார்த்தேன். நான் சேர்த்த சொல் அப்படியே இருந்தது. அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தேன், நாலும் வந்தன. அவள் அப்போதும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். பழைய தலைப்புக்குத் திரும்ப நேரமும் இருந்தது. துறைத் தலைவர் என்ன கேட்பார், பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்ற பயத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படி இருந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலைத் தேர்தலுக்கு எழுதக்கூடாது, அவன் உறவினர் பெயரையும் எழுதக்கூடாது என்கிறது அவற்றிலுள்ள ஒரு விதி. பார்க்க வரும் விருந்தினர்களுக்கு அதை விளக்கிச் சொன்னவனும் நான்தான்.

இதை எழுதுவதற்கு முன் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த புரோகிராம் இன்னும் அந்த சிஸ்டத்துல இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை. அவள் படிப்பு முடிந்த வருடமே ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிட்டேன். அதையும் சொன்னேன்.