மலை வீட்டில் மாட்டியிருக்கும் துப்பாக்கி

சினிமாவில் ஹீரோ சுட்டதும் துப்பாக்கியிலிருந்து பித்தளைக் கூடு ஒன்று தெறித்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தோட்டாவின் உறை. சுடும்போது எழும் அழுத்தத்தில் அந்தப் பித்தளை விரிந்து, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நெருப்பும் புகையும் சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைப்பது அதுதான். பிறகு கொஞ்சம் சுருங்கும். ஆனால், பழைய அளவுக்குத் திரும்பாது.

அமெரிக்காவில் இந்தக் காலி உறைகளை அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வீட்டிலேயே மறுபடி தோட்டா தயாரிக்கிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் செய்தால் சிறை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் இயந்திரத்தையும்கூட தோட்டாக் கணக்கில்தான் சேர்க்கிறது.

சரி, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன்மலைக்கு வருவோம். அங்கே பேச்சு பித்தளை உறையைப் பற்றியது அல்ல. உறையே இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பற்றியது.

கருமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் குழலின் வாய்வழியாகவே திணிக்கும் பழைய ரகம் அது. தொழிற்சாலைத் தோட்டாவுக்கு அளவு உண்டு, பரிசோதனை உண்டு. இதற்கு எல்லாமே கையும் கண்ணும்தான். மருந்து கூடிப்போனால் குழலே வெடிக்கலாம். நிரப்பியபடி மாட்டிவைத்த துப்பாக்கி குழந்தையின் கையில் சிக்கலாம். இருட்டில் புதர் அசைந்தால், அந்தப் பக்கம் நிற்பது பன்றியா, பக்கத்துக் கொல்லைக்காரரா?

பிறகு ஏன் வைத்திருக்கிறார்கள்? மலையில் மரவள்ளியும் சாமையும் போட்ட குடும்பத்தைக் கேட்டால் பதில் கிடைக்கும். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிழங்குக் கொல்லையைக் கிளறிப் போட்டுவிடும். வட்டிக்கு வாங்கிய பணமும் அதோடு போகும். தாத்தா காலத்துத் துப்பாக்கிதான் காவல் என்ற நம்பிக்கை அங்கிருந்து வருவது. அதைக் காட்டி வேட்டைக்குக் கிளம்புகிறவர்களும் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் இப்போது இன்னும் கடுமை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை. தயாரித்தால் குறைந்தது 7 ஆண்டுகள். ஆயுள் தண்டனைகூட கிடைக்கலாம். காட்டு விலங்கைச் சுட்டால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 'தாமாக முன்வந்து ஒப்படையுங்கள்' என்று போலீஸார் மலைக் கிராமங்களில் பலமுறை அறிவித்திருக்கிறார்கள். பலர் ஒப்படைத்தும் இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தர, அதே ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், விசாரணை, கள்ளக்குறிச்சிக்கு அலைச்சல் என்று நினைத்தாலே ஒரு கூலித் தொழிலாளிக்கு மலைப்பாக இருக்கும். உரிமம் கிடைத்தாலும் அது விலங்கைச் சுடுவதற்கான அனுமதி ஆகிவிடாது.

காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. காட்டுக்குள்ளேயே வாழும் மலைக் கிராமத்துக்கு அந்த 3 கி.மீ. எங்கே கிடைக்கும்?

ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து இந்த மலை முழுமையாக அரசின் கைக்கு வந்ததே 1976-ல்தான். பட்டா இல்லாத கொல்லைக்குப் பயிர் இழப்பீடு கேட்பது இன்றும் எளிதல்ல.

துப்பாக்கியை ஒப்படைப்பதுதான் சரி. ஒரு பிள்ளையின் உயிருக்கு முன்னால் ஒரு போக மரவள்ளி பெரிதல்ல. ஆனால், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகும் ஜீப்பிலேயே, இழப்பீட்டு விண்ணப்பத்தோடு ஒரு வனத்துறை அலுவலரும் வந்தால், அடுத்த வீட்டுக்காரரும் தன் துப்பாக்கியைத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார்.