பாவாடை சட்டைக்கு ஒரு பாரிமுனை ரவுண்டு... துணி முதல் வளையல் வரை!

சென்னையில் ஒரு பொருளை வாங்க வேண்டுமென்றால் கடையைத் தேடுவோம். பாரிமுனையில் மட்டும் தெருவைத் தேட வேண்டும். பேப்பர் என்றால் ஆண்டர்சன் தெரு, கண்ணாடி என்றால் தேவராஜ முதலி தெரு, துணி என்றால் கோடவுன் தெரு, மணி, முத்து, ஃபேன்ஸி சாமான் என்றால் நாராயண முதலி தெரு, நாட்டு மருந்து என்றால் ராசப்ப செட்டி தெரு. 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் ஆரம்பித்த தாமஸ் பாரியின் பெயரைச் சுமக்கும் இந்த முனையில் இன்றைக்கும் வியாபாரம்தான் பேச்சு, மூச்சு எல்லாம்.

குழந்தைகளுக்கு வீட்டிலேயே உடை தைப்பவர்கள், அந்த உடைக்கு மேட்சாக வளையல், கிளிப், மாலை செய்பவர்கள் பலருக்கும் இதுதான் கொள்முதல் ஏரியா. நவராத்திரி ஆர்டர்கள் குவியும் புரட்டாசி மாதத்தில், வியாசர்பாடியிலிருந்து வரும் ஓர் அக்காவுடன் ஒருநாள் முழுக்க இங்கே சுற்றினேன். ஏழு வருடமாக வீட்டில் குழந்தைகள் உடை தைத்து வாட்ஸ்அப்பில் விற்கிறார். "பேரு மட்டும் போட்டுடாதம்மா. கஸ்டமருங்க படிச்சிட்டு, 'அக்கா, துணி இவ்ளோதானா'ன்னு கேப்பாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அவர் இங்கே வெறும் 'அக்கா'.

கோடவுன் தெரு: தொட்டுப் பார், எரித்துப் பார்

உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.சி.போஸ் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் கோடவுன் தெரு. தலையில் துணி மூட்டையோடு வருபவருக்கு வழி விட்டால், பின்னாலேயே மீன்பாடி வண்டி வரும். கடைகள் குறுகல்தான். உள்ளே மாடிப்படி ஏறினால் தான் தானாகத் துணி. மொத்த வியாபாரக் கடைகளில் முழுத் தானாகத்தான் கொடுப்பார்கள். மீட்டர் கணக்கில் கிழித்துக் கொடுக்கும் கடைகளும் நடுநடுவே உண்டு. "சேட்டு, மீட்டர்ல வருமா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் அக்கா செருப்பைக் கழற்றுகிறார்.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாவாடை நீளம் சுமார் 20 இன்ச். இடுப்புப் பக்கமும் கீழே மடிப்புக்கும் டக் வைப்பதற்குமாக இன்னும் 6 இன்ச் சேர்த்து 26. நல்ல கொசுவம் விழ இரண்டு அகலம் வேண்டும் என்பதால், 44 இன்ச் பன்னாவில் 52 இன்ச், அதாவது 1.3 மீட்டர். சட்டைக்கு அரை மீட்டர். உள்ளே லைனிங்குக்கு ஒரு மீட்டர் காட்டன். இதையெல்லாம் பேப்பர், பேனா இல்லாமல் விரல் நுனியிலேயே கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'பியூர் காட்டன்' என்று கடைக்காரர் சொன்னதும் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி வைத்துக்கொள்கிறார். தெருவுக்கு வந்து தீக்குச்சி. பருத்தி என்றால் பேப்பர் எரிகிற வாடை வரும், மிச்சம் சாம்பல்தான். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கடினமான உருண்டையாக நிற்கும். "தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு புடிக்கிற புள்ளைக்கு இது உருகி ஒட்டிக்கிச்சுன்னா என்னா ஆவுறது?" என்கிறார். பட்டாசு வெடிக்கும்போது பருத்தி உடை போடச் சொல்லி ஒவ்வொரு வருடமும் தீயணைப்புத் துறை சொல்வதும் இதற்காகத்தான்.

சிவப்பு, மெரூன் துணி என்றால் ஈரக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கிறார். கைக்குட்டையில் ஏறும் சாயம் குழந்தையின் கழுத்திலும் ஏறும். காட்டனை வாங்கியதும் வெட்டக் கூடாது. ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகுதான் கத்தரி.

இந்த ஊரே துணிக்காக வந்த ஊர்தான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கு முக்கியமான காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்ற கணக்கு. கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்களால் வண்ணாரப்பேட்டை வந்தது. நெசவாளர்களைக் குடியமர்த்த 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை உருவானது. நெய்தவர்களுக்கும் வெளுத்தவர்களுக்கும் ஊரில் பேட்டைகள் இருக்கின்றன. வீட்டுக்குள் உட்கார்ந்து தைத்தவர்கள் பேரில் எனக்குத் தெரிந்து ஒரு சந்துகூட இல்லை.

நாராயண முதலி தெரு: வளையலுக்கும் அணாக் கணக்கு

கோடவுன் தெருவிலிருந்து மேற்கே நடந்தால் நாராயண முதலி தெரு. முத்து, பாசி, குந்தன் கல், ஜிமிக்கி பேஸ், சில்க் திரெட், லேஸ் என்று கடைக்குக் கடை பாக்கெட்டுகள் தொங்குகின்றன. சில்க் திரெட் வளையல் செய்ய வெறும் பிளாஸ்டிக் வளையல், நூல்கண்டு, ஃபேப்ரிக் பசை, கல் ஒட்டிய செயின் போதும். இருபது இழை நூலைச் சேர்த்துப் பிடித்து, இடைவெளி தெரியாமல் சுற்ற வேண்டும். சுற்றும் கைக்குப் பொறுமை இருந்தால் பளபளப்பு தானாக வரும்.

இங்கே வளையல் சைஸ் கேட்டால் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். 1.10, 1.12, 2.2, 2.4 என்பார்கள். 1.10-ஐவிட 1.12 பெரியது. 1.12-ஐவிட 2.0 கொஞ்சம்தான் பெரியது. ஏனென்றால், இது தசமக் கணக்கு இல்லை. ஓர் இன்ச்சை 16 பாகமாகப் பிரித்த கணக்கு. 1.12 என்றால் ஓர் இன்ச்சும், பதினாறில் பன்னிரண்டு பாகமும். அதாவது ஒன்றே முக்கால் இன்ச் விட்டம். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று எண்ணியவர்கள் காலத்துப் பழக்கம்போல.

குந்தன் கல் வைத்த குட்டி மாலை ஒன்று அழகாக இருந்தது. எடுத்துக் காட்டினேன். "எந்த வயசுக்கு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். திருப்பி மாட்டிவிட்டார். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மணி கோத்த எதையும் இவர் செய்வதில்லை. அவருக்கு இது ஏழு வருட அனுபவம். பொம்மைகளுக்கு இது விதியாகவே இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையில், சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலமுள்ள பரிசோதனைக் குழாய்க்குள் முழுசாக அடங்கிவிடும் சின்ன பாகம் எதுவும் இருக்கக் கூடாது. அடங்கினால், அது குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடிய அளவு என்று அர்த்தம். இந்தியாவிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருக்கிறது. வீட்டில் செய்யும் மாலையைக் குழாயில் போட்டுப் பார்க்க யாரும் வரப்போவதில்லை. செய்கிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரியும் கிளிப்புகளையும் அக்கா தொடுவதில்லை. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம் அது. விலை மலிவான உலோக ஐட்டங்களில் நிக்கல் கலந்திருந்தால் தோல் தடித்து அரிக்கும். ஆகவே, கைக்குழந்தைகளுக்கு இவரிடம் இருப்பதெல்லாம் துணி வில், துணிப் பூ, அகலமான மென் எலாஸ்டிக் ஹெட்பேண்ட். சட்டையில் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடும் கயிறும் கிடையாது. சறுக்குமரத்தில் மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். அமெரிக்காவில் 1996-லேயே, குழந்தைகள் உடையில் கழுத்துக் கயிறு வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டார்கள். இவர் எந்த வழிகாட்டுதலையும் படித்தவரில்லை. தன் பிள்ளையின் தொட்டில் கயிற்றைப் பார்த்துப் பயந்தவர்.

ராசப்ப செட்டி தெரு: முதல் நகை

கந்தகோட்டம் முருகன் கோயில் இருக்கும் தெரு இது. நாட்டு மருந்துக்கடைகளின் வாசனை தெரு முனையிலேயே மூக்கைப் பிடிக்கும். குழந்தை நகைக்கும் நாட்டு மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம் வீடுகளில் குழந்தைக்குப் போடும் முதல் நகைகளில் ஒன்று வசம்பு வளையல். வசம்புத் துண்டுகளைத் துளைத்துக் கயிற்றில் கோத்து, கையில் கட்டுவார்கள். அதனுடன் கறுப்பு வளையல், இடுப்பில் அரைஞாண் கயிறு. முதல் உடை மட்டும் புதுசாக இருந்ததா என்ன? பாட்டியின் நூல் சேலை, தாத்தாவின் பழைய வேட்டி. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பிறந்த குழந்தையின் தோலுக்குச் சரி என்று தெரிந்திருந்தார்கள்.

வசம்பு வளையல் இன்னமும் விற்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம். வசம்பை உரைத்துக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று குழந்தைகள் நல மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கையில் கட்டியதும் வாய்க்குத்தானே போகும்? "கேக்குறவங்களுக்கு நான் வசம்பு கலர்ல துணி உருண்டை கோத்துத் தர்றேன். பாட்டிங்களுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்" என்று சிரிக்கிறார் அக்கா.

நோட்டில் இல்லாத வரி

மதியம் ஒரு ஓட்டலில் சாம்பார் சாதத்துக்கு நடுவே தன் கணக்கு நோட்டைக் காட்டினார். போன வாரம் முடித்த ஒரு செட். பாவாடை, சட்டை, லைனிங், ஜரிகை லேஸ், ஹூக், எலாஸ்டிக், நூல் எல்லாம் சேர்த்து 385 ரூபாய். மேட்சிங் வளையல், கிளிப்புக்கு 65. மொத்தம் 450. விற்றது 750-க்கு. லாபம் 300 என்று எழுதி, கீழே இரண்டு கோடு.

"எவ்வளவு நேரம்க்கா ஆச்சு?" என்றேன். யோசித்துச் சொன்னார். வெட்ட முக்கால் மணி நேரம். தைக்க மூன்று மணி நேரம். கை ஹெம்மிங், ஹூக், லேஸ் ஒரு மணி நேரம். வளையல் சுற்ற ஒன்றேகால். கூட்டினால் ஆறு மணி நேரம். அப்படியென்றால் மணிக்கு 50 ரூபாய். கரன்ட், மெஷின் ஆயில், இன்றைய மெட்ரோ டிக்கெட், இந்தச் சாம்பார் சாதம், இரவு பதினொரு மணிக்கு 'கலர் மாத்த முடியுமா சிஸ்' என்று வரும் மெசேஜுக்குப் பதில் போடும் நேரம் எதுவும் இதில் சேரவில்லை.

"கூலின்னு ஒரு வரியே இல்லையேக்கா?"

"வீட்டுல சும்மா இருக்குற நேரந்தானம்மா" என்றார் சட்டென்று. பிறகு அவரே சிரித்துவிட்டார். காலையில் இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, சமைத்து முடித்து, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு மெஷின் சத்தம் கேட்காமலிருக்க அடியில் பழைய மிதியடியைப் போட்டுத் தைக்கிற நேரம்தான் அந்தச் 'சும்மா இருக்கும்' நேரம். பிளவுஸ் தைத்துக் கொடுக்கும்போது இதே அக்கா கூலி கேட்டு வாங்குகிறார். துணி அடுத்தவருடையது என்றால் கூலி. துணி தன்னுடையது என்றால் கூலி காணாமல் போய்விடுகிறது. வீட்டிலிருந்து தொழில் செய்யும் நிறைய தோழிகளின் நோட்டிலும் இந்த வரி இருக்காது. உங்கள் நோட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

எம்.சி.ரோடு: உள்ளே திருப்பிப் பார்!

சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தம் வண்ணாரப்பேட்டை. கடைசியாக எம்.சி.ரோட்டுக்கும் போய்வந்துவிடலாம் என்றார் அக்கா. சீசன் நேரத்தில் கடைக்காரர்கள் என்ன டிசைன் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அவர் வருவது வழக்கம். ஒரு கடை வாசலில் இவர் தைத்த அதே ராமர் பச்சை, அதே மெரூன் பார்டரில் ரெடிமேட் பாவாடை சட்டை. விலை, அக்கா வாங்கிய துணியின் விலையைவிடக் குறைவு.

எனக்குத்தான் முகம் வாடியது. அக்கா அதை எடுத்து அப்படியே உள்பக்கம் திருப்பினார். லைனிங் இல்லை. ஜரிகையின் பின்பக்கம் சொரசொரவென்று நேராக வயிற்றில் படும். ஓரத் தையலில் கால் இன்ச்கூடத் துணி இல்லை. கீழே ஒற்றை மடிப்பு. "இவங்களையும் குத்தம் சொல்ல முடியாதும்மா. இந்த ரேட்டுக்கு இதை யாரோ ஒருத்தி தச்சிருக்கா. அவளுக்கு எவ்ளோ குடுத்தாங்களோ" என்றார். சட்டையை மறுபடி சரியாகத் திருப்பி, மடிப்புக் கலையாமல் மாட்டினார்.

அவர் தைப்பதில் பாவாடைக்குள் இரண்டு டக் இருக்கும். அடுத்த வருடம் ஒன்றைப் பிரிக்கலாம், அதற்கடுத்த வருடம் இன்னொன்றை. சட்டையின் இரு பக்கமும் ஒன்றரை இன்ச் துணி உள்ளே காத்திருக்கும். பிள்ளை வளர வளர உடையும் வளரும். வாட்ஸ்அப் போட்டோவில் இது எதுவும் தெரியாது.

"அப்போ உள்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கக்கா" என்றேன். "அதையெல்லாம் யாரும்மா பார்ப்பாங்க?" என்றவர், மெட்ரோ படிக்கட்டில் பைகளைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார். புதுப் பக்கம். துணி, லைனிங், லேஸ், ஹூக், நூல் என்று வரிசையாக எழுதி, அதற்கும் கீழே 'கூலி' என்று எழுதினார். எதிரே தொகை போடவில்லை.

"எவ்ளோ போடலாம், நீயே சொல்லு" என்றார்.

இதைப் படிக்கும் தைக்கிற தோழிகளே, நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?