டீ – 80 காசு

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? சமையல்காரர் பெயர் தெரியும். போட்டோகிராபர் நம்பர் இன்னும் செல்போனில் இருக்கும். நாயனக்காரர்? யோசித்துப் பாருங்கள். என் கல்யாணத்துக்கு வாசித்தவர் பெயர் எனக்கும் தெரியாது.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கூமாப்பட்டி போயிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்பைத் தாண்டி மலையைப் பார்த்துப் போனால் வரும் ஊர். 2025 ஜூனில் ஒரு வீடியோ வந்து தமிழ்நாடே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்ததே, அதே ஊர்தான். வயல், தென்னை, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. வீடியோவில் காட்டிய அளவுக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் ஊர் அழகுதான்.

மாப்பிள்ளை அழைப்பு. மேடையோரம் நாயனமும் தவிலும் கொஞ்சம் சூடுபிடிக்கிற நேரம். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் நிறுத்திக்கோங்க. செண்டை வருது!"

வாசலில் பதினைந்து பையன்கள் செண்டையை அடித்துக்கொண்டு வர, நாயனக்காரர் சீவாளியைக் கழற்றித் துடைத்து, டப்பாவில் போட்டுக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். "என்ன அண்ணாச்சி, இப்படிப் பாதியில நிறுத்தச் சொல்றாங்க?" என்றேன்.

"பழகிருச்சு தம்பி. சிங்கப்பூர்லயே நிறுத்தியிருக்காக."

சிங்கப்பூரா! பத்திரிகைக்காரனின் காது நீண்டது. சாப்பாடு முடிந்ததும் பக்கத்துத் தெருவில் இருந்த அவர் வீட்டுக்கே போய்விட்டேன்.

வெளிநாடு போன கலைஞர் என்றதும் நமக்கு யார் ஞாபகம் வரும்? 1962-ல் அமெரிக்கா போய் ஆடிய பாலசரஸ்வதி. கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரும் பாடம் நடத்தினார். தம்பிகள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கேயே ஆசிரியர்களானார்கள். விஸ்வநாதன் 2002-ல் இறக்கிறவரை அந்த ஊர்தான். பெரியவர்கள், பெரிய சரித்திரம். பல்கலைக்கழகம் கூப்பிட்டால் 'விசிட்டிங் ஆர்ட்டிஸ்ட்'. கோயில் கூப்பிட்டால்? அண்ணாச்சியின் பழைய பாஸ்போர்ட்டோடு ஒரு வேலை அனுமதிச் சீட்டு இருந்தது. அவ்வளவுதான்.

2006-ல் போய் 2008-ல் திரும்பியிருக்கிறார். ஒரு அம்மன் கோயிலில் வாசிப்பு. அந்த இரண்டு வருஷத்துக்கும் கணக்கு எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று நாயனப் பெட்டியில் இருந்தது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. பி.காம். படித்தவன் கையில் கணக்கு நோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? கூட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் மூன்று மாதமும் ஒரே வரி: 'ஏஜென்ட் பாக்கி.' பிறகு அரிசி, பருப்பு, புளி. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தவில்காரரோடு ஒரே அறை, ஒரே அடுப்பு. செலவில் பாதிப் பாதி. 'ஊருக்குப் பேச கார்டு' என்று வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு மாதம் கூட்டினேன். சாப்பாட்டை விட டெலிபோன் கார்டு அதிகம்.

ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் பென்சிலில் குட்டியாக இன்னொரு எண். புரிய நேரமானது. அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் 28 ரூபாய். அதால் பெருக்கியிருக்கிறார்! 'டீ – 80 காசு', பக்கத்தில் 22.40. அதற்கப்புறம் பதினோரு நாளைக்கு டீயே இல்லை.

"கூமாப்பட்டியில டீ அப்ப மூணு ரூவா தம்பி. இருபத்தி ரெண்டுன்னதும் தொண்டையில இறங்கல."

அப்புறம் பன்னிரண்டாம் நாள் மறுபடி டீ வந்துவிடுகிறது. நாயனம் ஊதுகிறவர் டீ இல்லாமல் எத்தனை நாள் இருப்பார்?

காலை ஐந்து மணிக்குக் குளியலறை வரிசை. காலைப் பூஜைக்குப் பூபாளம், பௌளி. உச்சிக்காலம். நடுவில் நாலு மணி நேரம் சும்மா. சாதகம் பண்ணலாம் என்றால் சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். நாயனம் என்ன புல்லாங்குழலா? அணசுக்குள் துண்டைத் திணித்து ஊதிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஊதாமலே விரலை மட்டும் ஓட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரே காலையில் நாலு கல்யாணம். ஏ.சி. ஹாலில் சீவாளி விறைத்துக்கொள்ளும். அது காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையில் செய்வது; திருவாவடுதுறையிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. நோட்டில் 'சீவாளி' என்ற வார்த்தைக்கு மட்டும் பக்கத்தில் பெருக்கல் இல்லை. கவனித்தேன்.

ராத்திரி பள்ளியறையில் நீலாம்பரி. முடித்துவிட்டுக் கார்டைத் தேய்த்து வீட்டுக்குப் போன். அப்போது பையனுக்கு ஐந்து வயது. "நாயனம் ஊதுப்பா" என்பானாம். போனில் எப்படி ஊதுவது? ராகத்தை வாயால் முனகுவாராம். கார்டில் காசு தீர்ந்து 'டொக்' என்று நின்றால்தான் முனகலும் நிற்கும்.

"எதுதான் அங்க கஷ்டம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"வீதி இல்ல தம்பி."

நம் ஊரில் சாமி புறப்பட்டால் மல்லாரியில் தொடங்கி, நாலு வீதியும் நின்று நின்று வாசிக்கலாம். ஒரு தோடி விடிய விடியப் போகும். அங்கே சாமி பெரும்பாலும் பிராகாரத்தையே சுற்றிவரும், கால் மணி நேரம். தைப்பூசத்தன்று லீவு கேட்டு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறார். சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் காவடி போகிறது. ஆயிரக்கணக்கான ஜனம். ரோட்டில் வாத்தியம் கிடையாது, 1973-லிருந்து தடை. "வேலைக் குத்திக்கிட்டுப் போறான், பின்னால மேளம் இல்ல. என் விரல் தானா வேட்டியில ஓடுது!" என்று காட்டினார். 2016-ல்தான் வழியில் மூன்று இடங்களில் மேடை போட்டு வாசிக்க அனுமதி கிடைத்தது. அண்ணாச்சி ஊர் திரும்பி எட்டு வருஷம் கழித்து.

"இங்கதான் வீதி இருக்கே அண்ணாச்சி" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. தூரத்தில் செண்டை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பெயரைக் கேட்டேன், இந்தத் தடவை. சொன்னார். "ஆனா பத்திரிகையில போட்ராதீக தம்பி. அந்த ஏஜென்ட் மூலமாத்தான் பையன் போறான். பாஸ்போர்ட்டு வந்திருச்சு."

அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் படித்த பையன். சுவரோரம் புது சூட்கேஸ் நின்றது. அதன்மேல் புதிதாக ஒரு நாற்பது பக்க நோட்டு.

"ஆமா தம்பி, இப்ப வெள்ளி எம்புட்டு?"

"அறுபதைத் தாண்டிடுச்சு அண்ணாச்சி."

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார் போல.

"அப்ப இவன் டீ குடிக்க மாட்டானே" என்றார்.