நாலு மில்லிதானே!

காரை இறக்கியிருக்கீங்களா? இல்ல, செமஸ்டர் லீவுல இறக்கலாம்னு ப்ளான் இருக்கா? அப்படின்னா ஸ்வே பார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. நான் யோசிக்காம வாங்கினவன்.

அப்பாவோட பழைய ஹேட்ச்பேக். முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னாடி ட்விஸ்ட் பீம். ஸ்பிரிங்கை மாத்தி 40 மில்லி இறக்கினேன். பார்க்க கெத்தாத்தான் இருந்துச்சு. ஆனா வளைவுல கார் சாயுறது எதிர்பார்த்த அளவு குறையல. காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. காரை இறக்கினா எடைமையமும் அதே அளவு இறங்கும். ஆனா மெக்பெர்சன் அமைப்பில் கீழ் ஆர்மோட கோணம் மாறுறதால, ரோல் சென்டர் அதைவிட அதிகமா இறங்கிடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கிற நெம்புகோல். நான் அதை நீளமாக்கி வச்சிருந்தேன்.

சரி, பின்னாடி ஒரு ஸ்வே பார் போட்டுடலாம்னு கடைக்குப் போனேன். ஒரே வடிவத்துல ரெண்டு இருந்துச்சு: 16 மில்லி, 20 மில்லி. "நாலு மில்லிதானே, தடியாவே குடுங்கண்ணா"ன்னு வாங்கிட்டு வந்தேன். காய்ஞ்ச ரோட்ல கார் சாயவே இல்லை. ஒரு வாரம் நான்தான் ஹீரோ.

அடுத்த வாரம் கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறோம். தூறல். பின் சீட்ல தங்கச்சி. ஒரு வளைவுல வேகம் கொஞ்சம் அதிகம்னு தோணுச்சு. பயந்து ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலைச் சட்டுனு எடுத்தேன். பின்பக்கம் அப்படியே வெளியே வழுக்கிட்டுப் போய், மலைப்பக்க மண்மேட்டுல இடிச்சு நின்னுச்சு. எதிர்ல வண்டி எதுவும் வரல. அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம்.

கொஞ்ச நேரம் கழிச்சு தங்கச்சி கேட்டா: "அண்ணா, இது கார் பண்ணதா, நீ பண்ணதா?"

நான்தான். ஸ்வே பார் பிடிமானத்தை உருவாக்காது. வளைவுல உள்பக்கச் சக்கரத்தோட சுமையை எடுத்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் குடுக்கும். எந்த அச்சில் அதை ரொம்ப விறைப்பாக்குறோமோ, அந்த அச்சு முதல்ல பிடியை விடும். காலை எடுத்ததும் எடை முன்னாடி போயிடுச்சு. லேசான பின்பக்கத்தை, ஈர ரோட்ல, கிட்டத்தட்ட ஒரே டயர்தான் தாங்கிட்டு இருந்துச்சு.

அந்த 'நாலு மில்லி' கணக்குக்கு வருவோம். முறுக்கு விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்கைப் பொறுத்தது. 20-ஐ 16-ஆல் வகுத்தா 1.25. அதோட நாலாம் அடுக்கு 2.44. அதாவது பார் கால் பங்குதான் தடிமன் கூடியிருக்கு, விறைப்பு ரெண்டரை மடங்கு கிட்ட கூடிடுச்சு. இதே ஃபார்முலாவை வச்சு எக்ஸாம்ல 13 மார்க் கேள்வி எழுதியிருக்கேன். கடையில நிக்கும்போது மட்டும் ஞாபகம் வரல.

அதனால நீங்க வாங்கும்போது:

கண்ணை நம்பாதீங்க, கணக்குப் போடுங்க. உள்ளே குழலா இருந்தா உள்விட்டத்தோட நாலாம் அடுக்கைக் கழிச்சுக்கோங்க.

முன்பக்க பார் மாத்துறீங்கன்னா, இறக்கின காருக்கு நீளம் மாத்தக்கூடிய லிங்க் போடுங்க. கார் நாலு சக்கரத்துல நிக்கும்போது பார்ல முறுக்கு இல்லாம இருக்கணும். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, டிரைவ் ஷாஃப்ட்ல உரசுதான்னு பாருங்க.

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். ஸ்பிரிங்கும் பாரும் சேர்த்து மாத்தினா எது தப்புன்னு தெரியாது. முக்கியமா, வேற யாரையும் ஏத்துறதுக்கு முன்னாடி, காலி மைதானத்துல, ஈரத்துல ஓட்டிப் பாருங்க.

இப்போ என் கார்ல 16 மில்லி பார்தான். வளைவுல கொஞ்சம் சாயுது, சாயட்டும். தங்கச்சி மறுபடி ஏறுறா. ஆனா வளைவு வந்தா இன்னும் மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிறா.